உதயகுமாரி அக்கா வர மறுத்த பிரசவம்

எனக்குக் கோபம் வந்தால் சாத்தூர்க்காரியாகிவிடுவேன் என்று என் கணவர் இளமாறன் சொல்வார். மற்ற நேரங்களில் நான் எந்த ஊர்க்காரி என்பதை அவர் இதுவரை சொன்னதில்லை. உதயகுமாரி அக்காவைப் பார்த்த முதல் நாளே எனக்குள் சாத்தூர் முழுசாக ஏறிவிட்டது. இன்றைக்கு அவரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னாலும் அதே சாத்தூர் ஏறும். இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

2007 மே மாதம் ஒஸ்லோவுக்கு வந்தேன். இளமாறனுக்குக் கப்பல் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிற வேலை. ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்கு மேலே, மேட்டில், மூன்றாவது மாடியில் வீடு. வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. பிளஸ் டூ வரை தமிழில் படித்து, பி.எஸ்ஸி.யில் ஆங்கிலத்தை மனப்பாடம் செய்தே கரையேறியவள் நான். "பயப்படாதே, நார்வேக்காரர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும்" என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? எனக்கல்லவா தெரிய வேண்டும்!

பக்கத்து ஸ்டேஷனான ஹொல்ம்லியாவில்தான் சுகாதார நிலையம். அங்கே மாரித் என்ற மருத்துவச்சி கர்ப்பிணிகளைப் பார்ப்பாள். முதல் தடவை இளமாறன் கூட வந்தார். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள், இவர் பதில் சொல்வார். தூக்கம் எப்படி என்று கேட்டாள். நன்றாகத் தூங்குகிறாள் என்றார். நான் பத்து நாளாகக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன். மனசு எப்படி என்று கேட்டாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்றார். மாரித் பேனாவை மூடி வைத்தாள். அடுத்த தடவை கணவர் வர வேண்டாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்கிறேன், செலவு உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். இளமாறனுக்கு முகம் சுருங்கியது. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

செப்டம்பரில் அந்த அறைக்குள் நுழைந்தவர்தான் உதயகுமாரி அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், பச்சை மழைக்கோட்டு, கழுத்தளவு வெட்டிய முடி, சின்னதாக ஒரு பொட்டு. நான்கு மாதமாக வெளியே ஒரு பெண்ணிடமும் வாய்விட்டுப் பேசாத எனக்கு அந்தப் பொட்டைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. எழுந்து நின்று, "வாங்கக்கா! எந்த ஊரு நீங்க?" என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மனப்பாடமாகச் சொன்னார்: "வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லுறது முழுக்க அவவுக்குச் சொல்லுவன். அவ சொல்லுறது முழுக்க உங்களுக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். இஞ்சை கதைக்கிறது வெளியிலை போகாது. என்னோடை கதைக்காதேங்கோ, அவவைப் பாத்துக் கதையுங்கோ."

அதோடு விட்டாரா? என் கேள்வியையும் நார்வே மொழியில் மாரித்திடம் சொல்லிவிட்டார். மாரித் மலர்ந்து போய், தான் ஹாமார் பக்கத்துக் கிராமம் என்றும், அப்பாவுக்கு அங்கே உருளைக்கிழங்குத் தோட்டம் உண்டு என்றும் பதில் சொன்னாள். அதையும் இந்த அம்மா ஒரு சொல் விடாமல் எனக்குத் தமிழில் சொன்னார். நான் யாரைக் கேட்டேன், யாருடைய தோட்டத்தைத் தெரிந்துகொண்டேன் பாருங்கள்!

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. "அவ இப்படிச் சொல்லுறா" என்று அவர் சொல்லமாட்டார், மாரித்தாகவே பேசுவார். "நான் இப்ப உங்கட வயித்தைத் தொட்டுப் பாக்கப் போறன், என்ட கை குளிரும்" என்று மூலையில் கையைக் கட்டி உட்கார்ந்தபடி சொல்வார், தொடுவது மாரித். நான் பேசினால் நானாகிவிடுவார். அதுதான் அந்தத் தொழிலின் முறையாம். எனக்கு வந்த மூலத்தொந்தரவைக்கூடத் தனக்கு வந்த மாதிரி முகம் மாறாமல் சொன்னார். அந்த ஒரு விஷயத்துக்காகவாவது அன்றைக்கே அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும்.

நான் எங்கே கும்பிட்டேன்? வெளியே வந்தால் மழை. ஹொல்ம்லியா ஸ்டேஷனில் அவரும் அதே ரயிலுக்கு நிற்கிறார். பக்கத்தில் போனேன். தலையை லேசாக ஆட்டிவிட்டு நடைமேடையின் அடுத்த கோடிக்குப் போய்விட்டார். ஒரே ஒரு ஸ்டேஷன். ஹவுகெட்டோவில் நானும் இறங்கினேன், அவரும் இறங்கினார். ஒரே மேட்டில், இருபதடி இடைவெளியில், முன்னும் பின்னுமாக ஏறினோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இளமாறனுக்குப் போன் போட்டு, "அந்தப் பொம்பளைக்கு என்ன தலைக்கனம்ங்க! நாம இந்தியாக்காரங்கன்னா இளப்பமா?" என்று கத்தினேன்.

ஸ்டேஷன் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சிறிதேவிதான் அவரைப் பற்றி முதலில் சொன்னாள். மொழிபெயர்ப்பு விஷயத்தை நான் வாய் திறக்கவில்லை. பச்சைக் கோட்டுக்கார அம்மா யார் என்று மட்டும் கேட்டேன்.

"உதயகுமாரி அக்காவோ? அவ எண்பத்தேழிலை வந்தவ. வடக்குக் கோடியிலை, பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் கொம்பனியிலை ஏழு வருஷம் நிண்டவ. அங்கை குளிர்காலத்திலை ரெண்டு மாசம் சூரியனே வராது. அவ வெட்டின மீன்துண்டிலை ஒரு முள்ளும் இராது எண்டு வெள்ளைக்காரர் இப்பவும் சொல்லுவினமாம். மகேசன் அண்ணையைக் கண்டு கட்டினதும் அந்தக் கொம்பனியிலைதான். இப்ப அவர் இஞ்சை பஸ் ஓடுறார். அக்கா கடைக்கு வந்தா சிரிச்சுக் கதைச்சு அரை மணித்தியாலம் போயிடும்."

கடைக்காரியிடம் அரை மணி நேரம் சிரிக்கிறார், என்னிடம் அரைச் சிரிப்புக்கு வழியில்லை. கோபம் இரட்டிப்பானது.

இருந்தாலும் அக்டோபர் மாதச் சந்திப்புக்கு முந்தின நாள் காரச்சேவு போட்டேன். சாத்தூரில் பிறந்தவளுக்கு ஒருவரை வழிக்குக் கொண்டுவர வேறு வித்தை தெரியாது. எண்ணெய் காய்ந்ததும் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. ஜன்னலைத் திறந்து, முறத்தால் விசிறி, மூன்று தடவை அலறவிட்டு ஒரு பிஸ்கட் டின் நிறைய எடுத்தேன். மறுநாள் அவரிடம் நீட்டினால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்கவேணும். வாங்க ஏலாது."

"ஒரு வாய் போட்டுக்கோங்கக்கா. பூண்டு தட்டிப் போட்டது."

"ஏலாது."

சொல்லும்போது அவர் கண் டின்னின் மேலேயே இருந்ததை நான் கவனித்தேன். ஆனாலும் வீட்டில் பண்ணியதைக் கொடுத்து ஒருத்தர் வாங்க மறுத்தால் அந்த அவமானத்தை எப்படி விழுங்குவது? நவம்பரில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக மாரித்தைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த அம்மா என்னை மதிக்கறதே இல்ல. என்கூட நடக்கக்கூட மாட்டேங்கறாங்க. நான் குடுத்த சேவைத் தொடல. ரொம்பத் திமிர் பிடிச்சவங்க."

சொல்லி முடித்த பிறகுதான் இதை மாரித்துக்கு யார் சொல்ல வேண்டும் என்பது உறைத்தது. உதயகுமாரி அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டார். தன்மேல் நான் சொன்ன புகாரை நானாகவே இருந்து, என் கோபத்தையும் சேர்த்து, கடகடவென்று நார்வே மொழியில் சொல்லி முடித்தார். மாரித்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சொன்ன பதிலும் இவர் வாயில்தான் வர வேண்டும்.

"உங்கட மொழிபெயர்ப்பாளர் உங்களோடை சிநேகம் பிடிக்கக் கூடாது, பரிசு வாங்கக் கூடாது. அது அவவின்ட வேலை விதி. எனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை ஆகத் திறமான ஆள் அவதான் எண்டு நான் நினைக்கிறன்." தன்னைத்தானே புகழ வேண்டி வந்ததில் அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

அன்றைக்குத்தான் மாரித் கேட்டாள், பிரசவத்தை நினைத்தால் உனக்கு என்ன பயம் என்று. நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு விசா இன்னும் வரவில்லை. இளமாறன் மாதத்தில் பாதி நாள் வேலைக்காக ஸ்டாவாங்கர் நகரத்தில். "அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குப் புரியாது. எனக்கு என்ன பண்ணுதுன்னு அவங்களுக்குப் புரியாது. யாருமில்லாம, ஊமை மாதிரி கெடந்து செத்துப்போயிருவேனோன்னு பயமா இருக்கு" என்றேன்.

உதயகுமாரி அக்கா ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்தார். "மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார்" என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தார். என் பயத்தை இன்னொருத்தி தன் பயமாகச் சொல்லக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிரசவத்துக்கு இவர் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. அதை மாரித்திடம் கேட்டேன். அதே ஆளைக் கேட்டு மருத்துவமனைக்கு எழுதுகிறேன் என்றாள். அதன்பின் இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி முதல் வாரம் போனால் உதயகுமாரி அக்காவின் நாற்காலி காலி. மேசைமேல் ஸ்பீக்கர் போன். அதற்குள்ளிருந்து தில்லைநாதன் என்ற ஒரு பெரியவர் பேர்கன் நகரத்திலிருந்து பேசினார். மாரித் சொன்னதை அவர் வழியாகக் கேட்டேன்: "நான் கேட்டுப் பார்த்தேன். உங்கள் பிரசவத்துக்கு மொழிபெயர்க்க உதயகுமாரி மறுத்துவிட்டார். இனிமேல் உங்களுக்கு அவர் வரமாட்டார். காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

வேறு யார் மறுத்திருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பேன். திட்டுகூட வரவில்லை. அந்தப் புகாரைச் சொல்லி நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்து நினைத்து மருகினேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலை, நாள் குறித்ததற்கு இரண்டு வாரம் முன்னாலேயே பனிக்குடம் உடைந்தது. இளமாறன் ஸ்டாவாங்கரில். அங்கே பனிப்புயல், விமானம் எல்லாம் ரத்து. போனில் அவர் அழுகிற மாதிரிப் பேசியதில் நான்தான் அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. சிறிதேவிக்குப் போன் செய்தேன். அவள் டாக்சியைக் கூப்பிட்டு, கடையைப் பூட்டிவிட்டு வந்து என்னை ஏற்றிவிட்டாள். பையில் குழந்தைத் துணியோடு பொங்கலுக்குப் போட்ட காரச்சேவு டின்னும் இருந்தது. மருத்துவமனையில் பழுப்புச் சீஸைத் தவிர வேறு தரமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பிரசவ அறையில் ஓர் இளம் மருத்துவச்சி, ஒரு படுக்கை, ஒரு ஸ்பீக்கர் போன். மறுபடியும் தில்லைநாதன் ஐயா. பாவம், அவரும் முறைப்படிதான் பேசினார். நான் "ஐயோ, இடுப்பு கழண்டு போகுதே" என்று அலறினால், எழுபது வயதுக் குரல் ஒன்று மிக மரியாதையாகத் தன் இடுப்பு கழன்று போவதாக நார்வே மொழியில் அறிவித்தது. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது.

பன்னிரண்டு மணி இருக்கும். மருத்துவச்சி வெளியே போய்விட்டு வந்து ஏதோ சொன்னாள். போன் சொன்னது: "உங்கள் அக்கா வெளியே நிற்கிறார். உள்ளே விடலாமா?"

"எனக்கு அக்காவே கெடயாது. நான்தான் வீட்டுக்கு மூத்தவ" என்றேன்.

அவள் மீண்டும் வெளியே எட்டிப் பார்த்தாள். "குள்ளமாக இருக்கிறார். பச்சை மழைக்கோட்டு. அக்கா என்றுதான் சொல்கிறார்" என்றது போன்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. உதயகுமாரி அக்கா உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக என்னைத் தொட்டார். மீன் வெட்டிக் காய்த்த கை, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சொரசொரவென்றிருந்தது.

"கடை ஏன் பூட்டினதெண்டு கேக்க, சிறிதேவி சொன்னவ, ஓடி வந்தனான். என்னிலை கோவமோ?" என்றார்.

"வரமாட்டேன்னு சொன்னீங்களே!"

"மொழிபெயர்க்க வரமாட்டன் எண்டுதான் சொன்னனான். நெருங்கின ஆக்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது. அதுவும் வேலை விதி. அண்டைக்கு உன்ட பயத்தைச் சொல்லேக்கை என்ட குரல் உடைஞ்சுது பார், அப்பவே எனக்கு விளங்கிட்டுது, இனி ஏலாது எண்டு. 'இந்தப் பிள்ளை எனக்கு நெருங்கின ஆள்' எண்டு எழுதிக் குடுத்திட்டன். ரெண்டிலை ஒண்டுதான் ஏலும், பிள்ளை. ஒண்டில் தொழில், இல்லாட்டி நீ."

பத்து நாளாக மருகிக் கிடந்த எனக்கு இதைக் கேட்டதும் வந்த அழுகையைப் பார்த்து, வலி கூடிவிட்டதென்று மருத்துவச்சி ஓடி வந்தாள்.

அதன்பின் ஒரு கூத்து நடந்தது. மருத்துவச்சி பேசுவது அக்காவுக்கு உடனே புரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். போன் சொல்லட்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். "நீங்களே சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"ஏலாது" என்றவர், என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "பாட்ஸ்பியோர்ட்டிலை எனக்கு ஒரு சிநேகிதி. அவவின்ட தாய்க்குக் கான்சர் எண்டு டொக்டர் சொன்னவர். அப்ப எனக்கு விதியெல்லாம் தெரியாது, பாஷை தெரியுமெண்டு கூட்டிக்கொண்டு போனவை. நான் அந்த அம்மாவின்ட முகத்தைப் பாத்தன். வயசு போன ஆக்களுக்கு எங்கட சனம் அதைச் சொல்லுறேல்லைத்தானே. 'சின்னக் கட்டிதான் அம்மா' எண்டு சொல்லிப்போட்டன். அப்ப ஒப்பரேசன் வேண்டாம் எண்டிட்டா. நாலு மாசம் கழிச்சுச் செய்யேக்கை காலம் பிந்திப் போச்சு. அன்பு வைச்ச ஆக்களுக்கு நான் பொய் சொல்லிப்போடுவன், பிள்ளை. அதுதான் பயம்."

அதற்குமேல் அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. திடீரென்று என் பக்கத்திலிருந்த கருவியின் சத்தம் மாறியது. மருத்துவச்சி முகம் மாறி, சுவரிலிருந்த பொத்தானை அழுத்தி, என்னிடம் வேகமாகப் பேசினாள். போனிலிருந்து பதில் இல்லை. லைன் அறுந்துவிட்டது. மறுபடி அழைக்க அவளுக்கு நேரமில்லை. அவள் உதயகுமாரி அக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பாட்ஸ்பியோர்ட்டில் அந்த அம்மாவைப் பார்த்த மாதிரிதான் பார்த்திருப்பார்.

பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார். மாரித்தின் அறையில் கேட்ட அதே குரல் வந்தது.

"குழந்தையின்ட இதயத்துடிப்பு இறங்குது. இது ஆபத்தாய் வரலாம். நான் டொக்டரைக் கூப்பிட்டிட்டன். அடுத்த நோவு வரேக்கை முழுப் பலத்தோடையும் தள்ளுங்கோ. நான் நிப்பாட்டச் சொன்னா உடனே நிப்பாட்டுங்கோ. எங்களுக்கு நேரம் இல்லை."

ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்ன நடக்கிறது என்பது எனக்கு முழுசாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு ஊமை மாதிரிக் கிடக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா என் காதருகே குனிந்தார். குரல் மாறியிருந்தது.

"இது நான் சொல்லுறன். நான் இஞ்சைதான் நிக்கிறன். தள்ளு, பிள்ளை!"

டாக்டர் ஓடி வந்தார். அக்காவின் வழியாகவே அவரும் பேசினார். தள்ளச் சொன்னபோது தள்ளினேன், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினேன். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததாம். மூன்று இருபதுக்கு மகள் பிறந்து, ஒரு கணம் எல்லோரையும் பயமுறுத்திவிட்டு, வீரிட்டு அழுதாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "மன்னிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், இணைப்பு…" என்று தொடங்கிய தில்லைநாதன் ஐயா அழுகைச் சத்தத்தைக் கேட்டு நிறுத்தினார். பிறகு விதியையெல்லாம் மறந்து, "என்ன பிள்ளை? பெட்டையோ?" என்று கேட்டார்.

எல்லாம் அடங்கியபின் ஒரு தட்டு வந்தது. நார்வே நாட்டுக் குட்டிக் கொடி ஒன்று நட்டு, ரொட்டி, பழுப்புச் சீஸ். உதயகுமாரி அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சீஸையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்ட பையுக்குள்ளை ஏதும் கிடக்கோ?" என்றார்.

பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினேன். இந்தத் தடவை கை பின்னால் போகவில்லை. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாத்தூர்க்காரி இதைக் கேட்பதே பதில் தெரிந்துதான்.

"நல்ல மொறுமொறுப்பு" என்றார் அக்கா. "ஆனா உறைப்புக் காணாது, பிள்ளை."

சாத்தூர் சேவில் காரம் போதாதாம்! என் முகத்துக்கு நேரே! இளமாறன் இருந்திருந்தால் அறையை விட்டே ஓடியிருப்பார். எனக்கோ கோபம் வரவே இல்லை. இந்த ஊரில் என்னிடம் ஒருபோதும் பொய் சொல்லாத ஒருத்தி என் மகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்கக்கா" என்றேன்.

எடுத்துக்கொண்டார்.